ஆறாவது சிப்பி

அத்தியாயம் 4

"செத்தது அஞ்சு. உசுரோட இருக்கறது ஒண்ணு. ஊரே சந்தேகப்படறது ஒரே ஒரு ஆளு மேல. அந்த ஆளுதான் நம்ம கட்சிக்காரரு. நம்ம தொழிலுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் வேணுங்களா மேடம்?"

வேல்முருகன் கேட்டான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த வினோலியா சாலையையே பார்த்தார். ஆம்னி வேன் சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் ஒரு கோழி லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. இறகுகள் பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டின.

"முந்துங்க மேடம். நானா இருந்தா இந்நேரம் ராசிபுரம் பிரிவு தாண்டியிருப்பேன்."

"நீயா இருந்தா இந்நேரம் அந்தக் கோழிங்களோட உக்காந்திருப்போம்."

பதினாறு சக்கர லாரியைப் பத்து வருஷம் ஓட்டியவன் வேல்முருகன். மேச்சேரிக்காரன். அவன் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்தால் ஆம்னிக்கும் பதினாறு சக்கரம் இருப்பதாக நினைத்து ஓட்டுவான் என்பதால் வினோலியா அவனுக்குச் சாவியைக் கொடுப்பதே இல்லை. இரண்டு பேரும் சந்தித்த கதையும் ஒரு லாரியில்தான் தொடங்குகிறது. வினோலியா அப்போது இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி. எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட லாரி எரியவே இல்லை என்பதை, அதன் டிரைவரான இவன் வாயாலேயே பத்து நிமிஷத்தில் சொல்ல வைத்தார். அன்றைக்கு முதலாளி இவனைத் துரத்தினார். மறு வருஷம் வினோலியா வேலையை விட்டுவிட்டு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, முதல் ஆளாக மாடியேறி வந்து நின்றவனும் இவன்தான். "பொய் சொல்றவன் எப்படி முழிப்பான்னு எனக்குத் தெரியும் மேடம். அனுபவம் இருக்குதுங்க" என்றான். அதுவே அவனுடைய படிப்புச் சான்றிதழ்.

நேற்றுக் காலை அதே மாடிக்குக் கிருத்திகா என்ற பெண் பஸ் பிடித்து வந்திருந்தாள். கையில் ஒரு டிபன் பாக்ஸ். காலைப் பசியில் இருந்த வேல்முருகன் ஆசையோடு பார்த்தான். திறந்தால் உள்ளே ஐந்து காலிச் சிப்பி ஓடுகள்.

"இதுங்கள யார் கொன்னதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். இல்லாட்டி ஆடிக்குப் போனா நான் ஊட்டுக்குத் திரும்ப முடியாது" என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவளைப் போல இருந்தாள்.

விஷயம் இதுதான். புதுச்சத்திரத்தில் அவள் புகுந்த வீடு. கணவன் கௌசிக்கும் மாமனார் மயில்சாமியும் போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள். ஆயிரம் அடி துளைத்தும் புழுதி பறக்கிற பூமியில் பிழைக்கிற கௌசிக்குக் கடல் என்றால் உயிர். அதனால் வீட்டு ஹாலிலேயே ஒரு கடலை வைத்துக்கொண்டான். ஆறடிக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், பவளம், மீன், அப்புறம் அவனுடைய செல்லமான ஆறு வண்ணச் சிப்பிகள். ஒரு வருஷம் எல்லாம் நன்றாக இருந்தது. தையில் கல்யாணம். மாசியில் கௌசிக்கும் மயில்சாமியும் ரிக்கோடு சத்தீஸ்கர் கிளம்பினார்கள். பங்குனியில் முதல் சிப்பி செத்தது. சித்திரையில் இரண்டாவது. வைகாசியில் மூன்றாவது. ஆனியில் ஒன்றல்ல, இரண்டு.

"புதுப்பொண்ணு வந்த நேரம்" என்று முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. ஆனால் சத்தமாகச் சொன்னது மயில்சாமியின் அக்கா மயிலம்மாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆடிக்கு அழைத்துப்போகக் கிருத்திகாவின் அப்பா அம்மா வருகிறார்கள். புதுப்பெண் ஆடிக்குத் தாய்வீடு போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் மயிலம்மாள் ஒரு சொல் சேர்த்திருந்தார்: "கூட்டிட்டுப் போறவிய அப்படியே கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கட்டும். நேரங்காலம் சரியாகட்டும்."

அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு நாள் என்பதை யாரும் சொல்லவில்லை. ஆறாவது சிப்பியும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

*

"எங்க காலேஜ் மேடம்" என்று புதுச்சத்திரம் வீட்டு ஹாலில் வினோலியாவை அறிமுகப்படுத்தினாள் கிருத்திகா. "இவரு... சிப்பி டாக்டருங்க."

வேல்முருகன் சட்டைப் பையில் இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டு, டாக்டர் மாதிரி தலையை ஆட்டினான்.

சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மயிலம்மாள் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஏனுங்க, நாமக்கல்லுப் பக்கம் கோழிக்குத்தான் டாக்டரு கேள்விப்பட்டிருக்கறேன். சிப்பிக்குமா இருக்காங்க?"

"கோழிக்கு றெக்கை ரெண்டு, சிப்பிக்கு ஓடு ரெண்டு. படிப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதானுங்க."

அதற்குள் மாமியார் சௌந்திரம் உள்ளிருந்து தண்ணீரோடு வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான தேகம், ஓயாத கைகள். "மொதல்ல தண்ணி குடிங்க சாமி. வெயில்ல வந்திருக்கறீங்க. பேச்சு எங்கீம் போயிராது."

வேல்முருகன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டான். சௌந்திரம் சமையலறை வாசலில் இருந்த குடத்திலிருந்து மொண்டு ஊற்றினார். புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு. அதில் வேல்முருகனுக்கு அவன் மூஞ்சியே தெரிந்தது.

"கொடம் ஜோரா இருக்குதுங்க."

"எங்க சம்பந்தி ஊட்டுச் சீருங்க" என்றார் சௌந்திரம் பெருமையாக. "ஊட்டுக்கு வந்ததுல இருந்து இதுல புடிச்சு வெச்ச தண்ணிதான் எல்லாருக்கும். வாரம் ரெண்டு வாட்டி என்ற கையால தேய்க்கறேன்."

"மருமக தேய்க்க மாட்டாங்களா?" என்று வேல்முருகன் கொக்கி போட்டான்.

"அதுக்கு நாந்தான் உடமாட்டேன்."

சௌந்திரம் சிரித்தபடி சொன்னார். வேல்முருகன் அதை மனதில் குறித்துக்கொண்டான். மருமகளைச் சமையலறையில் அண்டவிடாத மாமியார். சந்தேகப் பட்டியலில் முதல் பெயர்.

வினோலியா தொட்டி முன்னால் குனிந்திருந்தார். உள்ளே ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. மஞ்சள் மீன் ஒன்று கண்ணாடிக்கு வந்து வேல்முருகனை முறைத்தது. சாவு விழுந்த வீடு என்ற நினைப்பே அவற்றுக்கு இல்லை. ஒரு மூலையில், கல்லில் ஒட்டிக்கொண்டு ஆறாவது சிப்பி. திறந்தால் கத்திரிப்பூ நிறத்தில் உதடு விரிக்குமாம். இப்போது விரல் நுழையாத அளவுக்குத்தான் வாய் திறந்திருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

"மீன் ஏதாவது செத்துச்சா கிருத்திகா?"

"ஒண்ணுகூட இல்லைங்க மேடம்."

"நத்தை?"

கிருத்திகா யோசித்தாள். "எட்டு இருந்துச்சுங்க. கண்ணாடியச் சுத்தம் பண்ண வுட்டிருந்தாங்க. இப்ப ஒண்ணையும் காணோம்."

"கொலைகாரனுக்கு மீன் பிரியம் போல" என்றான் வேல்முருகன். "சிப்பி, நத்தைன்னு பாத்துப் பாத்துப் போட்டிருக்கான். ஓட்டு ஊட்டுல இருக்கறவனா பாத்துக் கொல்றான் மேடம்."

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். ஆனால் வினோலியா சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "முருகா!" என்றார்.

மயிலம்மாள் காதை நிமிர்த்தினார். கழுத்தில் சிலுவை போட்ட அம்மா முருகனைக் கூப்பிட்டதில் அவருக்கு ஏகப்பட்ட திருப்தி. அது எதிரில் நிற்கும் ஆளின் பெயர் என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை.

*

தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் கௌசிக் எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதிய கோணல் கையெழுத்து.

*அம்மா கவனத்துக்கு:*
*காலைல லைட் போடணும்.*
*ஆர்.ஓ. செம்பு தண்ணி 2.*
*மீனுக்குத் தீனி ஒரு சிட்டிகை.*
*ராத்திரி லைட் ஆஃப்.*

வினோலியா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வேல்முருகனும் ஒரு தடவை படித்தான். லைட், ரெண்டு சொம்பு ஆர்.ஓ. தண்ணி, தீனி, லைட். இதில் என்ன இருக்கிறது? ஒரு லாரி டிரைவருக்குக் கிளீனர் எழுதிக்கொடுக்கிற சீட்டில்கூட இதைவிட மர்மம் இருக்கும்.

கிருத்திகா மாதக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஐந்து நாட்களில் பெருக்கல் குறி. அங்கங்கே சின்னச் சின்னப் பூ.

"பூ என்னம்மா?"

"சிப்பிங்க நல்லா வாயத் தொறந்த நாளுங்க மேடம். அவருக்கு போட்டோ அனுப்புவேன். அனுப்புன நாளுக்குப் பூ போட்டு வெச்சேன்."

வேல்முருகன் எட்டிப் பார்த்தான். பங்குனியில் இரண்டொரு பூ. சித்திரையில் ஒன்றுகூட இல்லை. வைகாசிக் கடைசியில் மட்டும் வரிசையாக ஏழெட்டுப் பூ, கல்யாண வீட்டு வாசல் மாதிரி. அப்புறம் மறுபடியும் மொட்டை.

"இந்தப் பத்து நாள் என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்லீங்க. அத்தை திருச்செங்கோட்டுல தங்கச்சி ஊட்டுக்குப் போயிருந்தாங்க. தங்கச்சிக்குக் கண் ஆபரேசன். நான் மட்டுந்தான் இருந்தேன்."

"தொட்டிக்குத் தண்ணி?"

"நான்தான் ஆர்.ஓ. மிஷின்ல நேரா புடிச்சு ஊத்துனேன். அத்தை வந்ததும் அவங்களே ஊத்த ஆரமிச்சுட்டாங்க. மத்த நாளு அந்தத் தாளு அவங்களுக்குத்தானேங்க."

வேல்முருகன் விரல் விட்டு நாட்களை எண்ணினான். வினோலியாவைத் தனியே இழுத்தான்.

"மேடம், முடிஞ்சுபோச்சு. கேசு முடிஞ்சுபோச்சு. மாமியா ஊட்டுல இருந்தா சாவு. மாமியா ஊருக்குப் போனா பூ. மருமகளக் கெட்ட நேரம்னு சொல்லி விரட்டறதுக்கு இந்தம்மாவே தண்ணியில எதையோ கலக்கறாங்க. சிரிச்சுச் சிரிச்சு என்னமா நடிக்கறாங்க!"

"பாதி சரி."

"எந்தப் பாதிங்க?"

"தண்ணியில எதையோ கலக்கறாங்கங்கற பாதி."

சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குள் போனார். வேல்முருகன் பின்னாலேயே போனான். சுவரில் ஆர்.ஓ. மிஷின். அதன் குழாய்க்குக் கீழே, மறுபடி நிரப்ப வைத்த அந்தப் பளபளா குடம். மேடை மேல் ஒரு எவர்சில்வர் சொம்பில் கரண்டி, தோசைத்திருப்பி, மத்து எல்லாம் செருகி வைத்திருந்தது. வினோலியா அந்தச் சொம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செல்போனை எடுத்து கௌசிக்கைக் கூப்பிட்டார். ரிக் ஓடுகிற சத்தம் போனுக்கு வெளியிலேயே கேட்டது.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. நீங்க எழுதி ஒட்டியிருக்கற செம்பு எங்க இருக்கும்?... மேடை மேலயா?... நீங்க தினம் அதுலதான் ஊத்துவீங்களா?... சரி, வெச்சிடறேன்."

அடுத்து சேலத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ஜெபஸ்டினுக்கு. ஒரே சர்ச்சுக்குப் போகிற பழக்கம்.

"ஜெபஸ்டின், மீனுக்கு நோவு வந்தா ஒரு மருந்து ஊத்துவியே, அது என்ன?... ம்... சிப்பி இருக்கற தொட்டியில?... ஒரு சொட்டுகூடக் கூடாதா?... நல்லது. உப்புத் தண்ணி கேனும் தனித் தொட்டியும் எடுத்துட்டு உடனே புதுச்சத்திரம் வா. ஆமாப்பா, இப்பவே."

*

கொல்லைப்புறத்தில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வினோலியா கிருத்திகாவிடம் சொன்னார். சுருக்கமாகச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் 'செம்பு தண்ணி ரெண்டு'ன்னு எழுதினாரு. மேடை மேல இருக்கற எவர்சில்வர் சொம்பால ரெண்டு சொம்புன்னு அவருக்கு அர்த்தம். உங்க அத்தைக்கு அந்தச் சொம்பு கரண்டி வெக்கற பாத்திரம். அவங்க படிச்சது செம்புத் தண்ணி. செம்புக் குடத்துல புடிச்சு வெச்ச தண்ணி."

வேல்முருகன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். "அட! நானும் அந்தக் கொடத்துத் தண்ணிதான ரெண்டு டம்ளரு குடிச்சேன்?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது. மனுசனுக்கு நல்லது. மீனும் தாங்கும். மீனுக்கு நோவு வந்தா ஊத்தற மருந்தே செம்பு மருந்துதான்னு ஜெபஸ்டின் சொல்றான். ஆனா சிப்பிக்கும் நத்தைக்கும் அது விஷம். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் போகும். ஆனா ரசம் கொதிச்சா தண்ணிதானே வத்தும், உப்பு வத்துமா? அதே மாதிரி தொட்டியில தண்ணி ஆவியாப் போகும், செம்பு தங்கிப்போகும். தினம் தினம் ஏறிக்கிட்டே வந்திருக்கு. நீ ஊத்துன பத்து நாள் மட்டும் புதுசா ஏறல, அதான் அதுங்க வாயத் தொறந்துச்சு."

கிருத்திகா முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தும் போனது.

"அந்தக் கொடம் எங்கம்மா குடுத்ததுங்க மேடம்" என்றாள். "சீருல வந்தது. அப்ப நான் வந்தப்பறந்தான் எல்லாம் செத்துதுன்னு அவங்க சொல்றது..."

வேல்முருகனுக்கும் அப்போதுதான் உறைத்தது. கேஸைத் துப்புத் துலக்கியாகிவிட்டது. துலக்கிய உண்மை நேராகப் போய்க் கட்சிக்காரர் தலையிலேயே விழுகிறது. மயிலம்மாளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மருமகள் காலடி, மருமகள் வீட்டுக் குடம். ஜோசியக்காரன் தேவையே இல்லை.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் வினோலியா. "ஒண்ணு, உள்ள போய் நடந்ததச் சொல்றது. இன்னொண்ணு, டாக்டர் ஏதோ சொன்னார்னு சொல்லித் தண்ணிய மாத்திட்டு, யாருக்கும் ஒண்ணும் சொல்லாம விட்டுடறது. சிப்பி பொழச்சுக்கும். ஆனா செத்த அஞ்சும் உன் பேர்லயே இருக்கும்."

"சொல்ல வேண்டாங்க மேடம்."

பதில் உடனே வந்தது. வேல்முருகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா? கொடத்துக்காகப் பயப்படறயா? ஊத்துனது உன்ற மாமியாதானே! அந்தம்மா செஞ்சதுக்கு நீ எதுக்கு மூட்டையக் கட்டோணும்?"

"அதுக்குத்தாங்க" என்றாள் கிருத்திகா. "ஒவ்வொண்ணு சாகறப்பவும் அத்தை சோறே திங்க மாட்டாங்க. அவரு ஆசையா வளத்ததுன்னு. அவங்க கையாலதான் செத்துதுன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாங்க. நான் ஆடிக்குப் போறேன். எத்தன நாளானாலும் இருந்துக்கறேன். சிப்பி மட்டும் பொழைக்கட்டும்."

கொல்லைப்புறக் கதவு கிறீச்சென்றது.

சௌந்திரம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் புளி உருண்டை, இன்னொரு கையில் தேங்காய் நார். குடம் தேய்க்க வந்தவர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. முகமே சொன்னது.

"அம்மிணி" என்றார். "புளிக்கொழம்பக்கூட நான் ஈயம் பூசாத செம்பு ஏனத்துல வெக்க மாட்டேன். களிம்பு ஏறிப்போகும்னு எனக்குத் தெரியும். உப்புத் தண்ணிக்கு இது தோணாமப் போச்சே எனக்கு!"

"அத்தை, நீங்க நல்லதுக்குத்தானே..."

"இரு சாமி. இந்த டாக்டர் தம்பி சொல்லிச்சே, நான் ஊத்துனேன்னு. முழுசையும் சொல்லிப்போடறேன்." அவர் வேல்முருகனைப் பார்த்தார். வேல்முருகன் பூமியைப் பார்த்தான். "மொத சிப்பி செத்தப்ப ஒரு ராத்திரிதான் கொடத்துல வெச்சுருந்தேன். நங்கையா, அதான் என்ற நாத்தனாரு, வந்து 'வந்தவ நேரம்'னு வாயத் தொறந்தாங்க பாருங்க, அன்னைக்குப் புடிச்சுது எனக்கு வேகம். என்ற மருமவள ஒரு சொல்லு சொல்லீருவாங்களா? மிச்சத்த எப்படியாவது பொழைக்க வெச்சுக் காட்டோணும்னு, சத்து நல்லா எறங்கட்டும்னு, மூணு நாளு ஊற வெச்சு ஊத்துனேன். கொடத்து உள்ளயும் புளி போட்டுத் தேச்சு ஊத்துனேன். அது சாகச் சாக நான் இன்னும் ஊற வெச்சேன்..."

கிருத்திகா போய்க் கட்டிக்கொண்டாள். புளிக் கையை மருமகள் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே அழுதார் சௌந்திரம்.

வேல்முருகன் பேனா இரண்டையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பேண்ட் பைக்குள் போட்டான். வெட்கமாக இருந்தது அவனுக்கு. இத்தனை வருஷம் பொய் சொல்கிறவன் முழிப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு, பிரியத்தில் தப்புச் செய்கிறவர் சிரிப்பதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே.

சௌந்திரம் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். புளி உருண்டையைத் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்தார். விறுவிறுவென்று வீட்டுக்குள் நடந்தார்.

"மேடம், தடுக்கலீங்களா?" என்றான் வேல்முருகன்.

"எதுக்கு? நம்ம வேலைய அவங்க செய்யப் போறாங்க."

*

மயிலம்மாள் சோபாவில் அதே சம்மணத்தில்தான் இருந்தார். சௌந்திரம் எதிரில் போய் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னார். சொம்பு, செம்பு, குடம், ஊற வைத்த மூன்று நாள் எல்லாம்.

எதிர்பார்த்தது நடந்தது. மயிலம்மாள் கையைத் தட்டினார். "பாத்தியா! நான் சொன்னனா இல்லையா? அவ கொண்டாந்த கொடந்தானே!"

"ஆமாங்க நங்கையா" என்றார் சௌந்திரம். இத்தனை வருஷத்தில் நாத்தனார் முன்னால் அவர் இப்படி நிமிர்ந்து நின்றிருப்பாரா என்பது சந்தேகம். "கொடம் அவ கொண்டாந்தது. எழுதுனது என்ற பையன். ஊத்துனது நானு. நாளைக்கு அவங்கப்பா வரட்டும். மூணு பேரையும் ஒண்ணா வண்டியில ஏத்தி அனுப்பிச்சுருங்க. நீங்க இங்க இருந்து மீனுக்குத் தீனி போடுங்க."

மயிலம்மாள் கிருத்திகாவைப் பார்த்தார், சௌந்திரத்தைப் பார்த்தார், சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். அவரும் மனுஷிதான். தோற்றுப்போன இடத்திலிருந்து எழுந்து போக ஒரு வழி தேடினார்.

"அது கெடக்குது" என்றார் கடைசியில். "ஏனுங்க டாக்டரு, இந்த வாட்டி வந்த நாலு நாளா நானும் அந்தக் கொடத்துத் தண்ணியத்தான குடிக்கறேன்? எனக்கொண்ணும் ஆவாதுங்களே?"

"பயப்படாதீங்க" என்றான் வேல்முருகன். "வாய மூடிட்டு இருக்கற சாதிக்குத்தான் அது ஆகாது. உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லீங்க."

சௌந்திரத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அழுத கண்ணோடு சிரித்தார். அப்புறம் கிருத்திகா. கடைசியில், வேறு வழியில்லாமல், மயிலம்மாளும்.

ஜெபஸ்டின் கேன்களோடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. ஆறாவது சிப்பியை இரண்டு கையாலும் எடுத்துப் புதுத் தண்ணீருக்கு மாற்றினான். உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றான். "அஞ்சாறு நாள்ல வாயத் தொறந்துச்சுன்னா தப்பிச்சுதுக்கா. தொறக்கலைன்னா..." சௌந்திரம் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

*

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள். கொண்டப்பநாயக்கன்பட்டி மாடியில் வேல்முருகன் பேக்கரித் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக அவன் யாரிடமும் கேட்கவில்லை என்றாலும், வினோலியாவின் போன் சிணுங்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். வினோலியாவும் அதைக் கவனிக்காதது மாதிரியே இருந்தார்.

போன் சிணுங்கியது. தாய்வீட்டிலிருந்து கிருத்திகா அனுப்பியிருந்தாள். அவளுக்கு வந்ததை அப்படியே இவர்களுக்குத் தள்ளிவிட்டிருந்தாள். இரண்டு படம், ஒரு குரல் பதிவு.

முதல் படத்தைப் பெரிதாக்கினார் வினோலியா. கத்திரிப்பூ நிற உதட்டை முழுசாக விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஆறாவது சிப்பி. வேல்முருகன் பன்னை மேஜையில் வைத்துவிட்டு, "தொறந்துட்டான் மேடம்! தொறந்துட்டான்!" என்று கத்தினான். கீழே பேக்கரிக்காரர் என்னமோ ஏதோ என்று வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

இரண்டாவது படம், சுவரில் ஒட்டிய அதே தாள். 'செம்பு' என்ற சொல்லின் மேல் ஒரு முரட்டுக் கோடு. மேலே புது எழுத்தில், குண்டு குண்டாக: *எவர்சிலுவர் போசி.* கொங்குநாட்டில் போசி என்றால் பாத்திரம். அதற்கு வேறு அர்த்தம் எடுக்க எந்த மாமியாராலும் முடியாது.

வினோலியா குரல் பதிவைத் தட்டினார். பின்னணியில் தொட்டி மோட்டாரின் சத்தம். அப்புறம் சௌந்திரம், போன் எங்கே இருக்கிறது என்று தெரியாதவரைப் போல உரக்க:

"அம்மிணி, உன்ற சிப்பி வாயத் தொறந்துருச்சு. நேத்துல இருந்து பாத்துட்டே இருக்கறேன். உன்ற கொடத்த நான் ஒண்ணும் மேல தூக்கி வெக்கல, குடிக்கறதுக்கு அதுலதான் தண்ணி. நங்கையாளும் வந்தா அதுலதான் வேணும்னு கேட்டு வாங்கிக் குடிக்கறாங்க. ஆடி முடியட்டும் ஆடி முடியட்டும்னு எல்லாரும் சொல்றாங்க. இந்த ஊட்டுல என்னால தனியா இருக்க முடியல சாமி. மொறை எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். வெள்ளிக்கெழமை காத்தால மொத பஸ்ஸுக்கு வாரேன். துணிமணி எடுத்து வெச்சுட்டுக் கெளம்பி இரு."